எண்பத்து மூன்று புள்ளிகள்: ஒரு பிரசெல்ஸ் கழகத்தின் மூன்று பருவங்கள்

2023 ஜூன் 4. பெல்ஜியத்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் கடைசி நாள். அன்று மூன்று அணிகளுக்குப் பட்டம் வெல்லும் வாய்ப்பு இருந்தது. ஆண்ட்வெர்ப், பிரசெல்ஸின் யூனியன் சேன் ஜில்வாஸ் ஆகிய இரண்டும் தலா 46 புள்ளிகளுடன் நின்றன. கெங்க் 45 புள்ளிகளுடன் பின்தொடர்ந்தது. பிரசெல்ஸில் கிளப் புரூகேக்கு எதிராக யூனியன் 1-0 என முன்னிலையில் இருந்தது. கெங்க் நகரில் உள்ளூர் அணி ஆண்ட்வெர்ப்பைவிட 2-1 என முந்தியிருந்தது. இரண்டு ஆட்டங்களும் அந்த நிலையிலேயே முடிந்திருந்தால் பட்டம் யூனியனுக்கே.

89ஆம் நிமிடத்தில் புரூகே சமன் செய்தது. அந்த ஒரு கோலால் பட்டம் யூனியனின் கையைவிட்டுக் கெங்கின் பக்கம் நகர்ந்தது. கெங்கில் கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 94ஆம் நிமிடத்தில் ஆண்ட்வெர்ப்பின் தற்காப்பாளர் டோபி ஆல்டர்வெய்ரெல்ட் தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் விழுந்தது. 2-2. 1957க்குப் பிறகு முதன்முறையாக ஆண்ட்வெர்ப் பெல்ஜிய வாகையர் ஆனது. யூனியன் மேலும் இரண்டு கோல்களை வாங்கி 1-3 எனத் தோற்று, மூன்றாம் இடத்துக்குச் சென்றது. சில நிமிடங்களுக்குள் பட்டம் மூன்று ஊர்களைச் சுற்றிவந்துவிட்டது.

இந்தக் காட்சியைக் கால்பந்தின் விந்தை என்று வியந்து கடந்துவிடலாம். ஆனால் அதற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. வியப்பைவிட அந்தக் கணக்கே கூடுதலாக யோசிக்க வைப்பது.

2009-10 முதல் பெல்ஜிய லீக் இரண்டு கட்டங்களாக நடந்துவந்தது. முதற்கட்டத்தில் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று இருமுறை மோதும். பின்னர் முன்னணி அணிகள் மட்டும் தமக்குள் மீண்டும் மோதும் பிளே-ஆஃப் கட்டம். இவ்விரண்டுக்கும் நடுவே, அதுவரை சேர்த்த புள்ளிகள் பாதியாக்கப்படும். அரைப் புள்ளி வந்தால் அடுத்த முழு எண்ணாக உயர்த்தப்படும். இறுதியில் இரண்டு அணிகள் சமமாக நின்றால், அவ்வாறு உயர்த்தப்பட்ட அரைப் புள்ளி திரும்பக் கழிக்கப்படும். முன்னணியில் இருப்பவர் வெகுதூரம் ஓடிவிடாமல் தடுப்பதும், கடைசி வாரம்வரை ஆர்வத்தைத் தக்கவைப்பதும், பெரிய அணிகள் மோதும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டித் தொலைக்காட்சி வருவாயைப் பெருக்குவதும் இந்த ஏற்பாட்டின் நோக்கங்கள்.

2022-23 பருவத்தின் முதற்கட்டத்தில் 34 ஆட்டங்கள். கெங்க் 75, யூனியன் 75, ஆண்ட்வெர்ப் 72. பாதியாக்கியபோது இவை 38, 38, 36 ஆயின. அடுத்த 6 ஆட்டங்களில் ஆண்ட்வெர்ப் 11 புள்ளிகளும் மற்ற இரண்டும் தலா 8 புள்ளிகளும் பெற்றன. இறுதி நிலை: ஆண்ட்வெர்ப் 47, கெங்க் 46, யூனியன் 46. இப்போது பாதியாக்காமல் கூட்டிப் பார்க்கலாம். 75உம் 8உம் 83. 72உம் 11உம் 83. நாற்பது ஆட்டங்களின் முடிவில் மூன்று அணிகளும் சரியாக 83 புள்ளிகள் ஈட்டியிருந்தன. களத்தில் பிரிக்க முடியாதவற்றை விதிநூல் பிரித்து வைத்தது.

யூனியன் கழகத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தத் தோல்வியின் எடை வேறு. 1897இல் பிரசெல்ஸின் சேன் ஜீல் பகுதியில் தோன்றிய கழகம் அது. 1904க்கும் 1935க்கும் இடையில் 11 முறை நாட்டின் பட்டத்தை வென்றது. 1933 முதல் 1935 வரை தொடர்ந்து 60 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. அந்தத் தொடரை முறித்தது, மோலன்பேக் பகுதியைச் சேர்ந்த பரம எதிரியான டேரிங் கழகம். இவ்விரு கழகங்களின் ரசிகர்களுக்கு இடையிலான பகை, 1938இல் ‘போஸ்மான்ஸ் எ கோப்பெனோல்’ என்ற நகைச்சுவை நாடகத்துக்குப் பின்புலமாகும் அளவுக்கு நகரத்தின் அன்றாடத்தில் ஊறியிருந்தது.

1935க்குப் பின் பட்டம் வரவில்லை. 1973இல் முதல்நிலையிலிருந்தே இறங்கியது. பின்னர் நான்காம் நிலைவரை சரிந்தது. பூங்கா ஒன்றின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கும் ஜோசப் மரியன் அரங்கம் மட்டும் பழைய பெருமையின் சாட்சியாக எஞ்சியது. அதன் முகப்பு 1926இல் கட்டப்பட்டது. ஆர்ட் டெகோ பாணியைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேருக்கே அங்கு இடம் உண்டு.

2018இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கழக உரிமையாளர் டோனி ப்ளூம், அலெக்ஸ் முஸியோவுடன் சேர்ந்து யூனியனை வாங்கினார். ப்ளூம் பந்தயத் துறையில் பொருள் ஈட்டியவர். ஆட்டங்களின் முடிவைப் புள்ளியியல் மாதிரிகளால் கணிப்பது அவருடைய தொழில். சந்தை குறைத்து மதிப்பிட்ட ஆட்டக்காரர்களைத் தரவின் துணையோடு தேடிப்பிடிப்பதே யூனியனின் வழியாகியது. ஜெர்மனியின் மூன்றாம்நிலை லீக்கிலிருந்து டெனிஸ் உண்டாவ் வந்தார். நார்வேயிலிருந்து விக்டர் போனிஃபேஸ் வந்தார். இருவரும் பின்னர் ஐரோப்பாவின் பெரிய லீக்குகளுக்குச் சென்றனர். 2021இல், 48 ஆண்டுகளுக்குப் பின், யூனியன் முதல்நிலைக்குத் திரும்பியது.

திரும்பிய முதல் பருவத்திலேயே, 2021-22இல், 77 புள்ளிகளுடன் முதற்கட்டத்தில் முதலிடம். புரூகேக்கு 72. பாதியாக்கியபோது ஐந்து புள்ளி இடைவெளி மூன்றானது. பிளே-ஆஃப் முடிவில் பட்டம் புரூகேக்குச் சென்றது. அடுத்த ஆண்டுதான் மேலே சொன்ன ஜூன் 4. அதற்கும் அடுத்த ஆண்டு, 2023-24இல், முதற்கட்டத்தில் யூனியன் 70, புரூகே 51. பத்தொன்பது புள்ளி இடைவெளி. பாதியாக்கியபின் 35உம் 26உம்; இடைவெளி ஒன்பது. பிளே-ஆஃபின் 10 ஆட்டங்களில் புரூகே 24 புள்ளிகள் சேர்த்தது, யூனியன் 14. இறுதியில் புரூகே 50, யூனியன் 49. முழுப் புள்ளிகளைக் கூட்டினால் யூனியன் 84, புரூகே 75. ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்த அணி ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது. அந்த மே மாதத்தில் ஆண்ட்வெர்ப்பை 1-0 என வென்று பெல்ஜியக் கோப்பையைக் கைப்பற்றியது ஓர் ஆறுதல். இதற்கு முன் அக்கோப்பை யூனியனிடம் வந்தது 1914இல்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. தரவை நம்பும் எவரும் முதலில் கற்கும் பாடம், மாதிரி பெரிதாக இருக்க வேண்டும் என்பது. ஓர் ஆட்டத்தில் கம்பத்தில் பட்ட பந்து எந்தப் பக்கமும் திரும்பலாம். நாற்பது ஆட்டங்களில் அத்தகைய தற்செயல்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துகொள்ளும். நீண்ட பருவம் அணியின் உண்மையான தரத்துக்கு அருகில் கொண்டுசேர்க்கும். புள்ளிகளைப் பாதியாக்குவதோ முப்பது ஆட்டங்களின் எடையைக் குறைத்துக் கடைசிப் பத்து ஆட்டங்களின் எடையைக் கூட்டுகிறது. முதற்கட்டத்து வெற்றிக்கு ஒன்றரைப் புள்ளி, பிளே-ஆஃப் வெற்றிக்கு மூன்று. நீண்ட ஓட்டத்தின் மேல் நம்பிக்கை வைத்துக் கட்டப்பட்ட ஒரு கழகம், குறுகிய ஓட்டத்துக்கு முன்னுரிமை தரும் விதியின்கீழ் ஆண்டுதோறும் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது.

விதியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பிளே-ஆஃபில் எதிரே நிற்பவர்கள் எல்லோரும் வலிமையானவர்கள். பலவீனமான அணிகளிடம் ஈட்டிய புள்ளியையும் நிகரானவர்களிடம் ஈட்டிய புள்ளியையும் ஒரே தட்டில் வைக்க வேண்டுமா என்று கேட்பதற்கு இடம் உண்டு. ஆண்டு முழுவதற்குமான உள்மதிப்பீட்டுக்கும் இறுதித் தேர்வுக்கும் எந்த விகிதத்தில் மதிப்பெண் தருவது என்று பல்கலைக்கழகங்களில் ஓயாமல் நடக்கும் வாதமும் இதுவே. தொடர்ந்த உழைப்பை அளப்பதா, நெருக்கடியில் நிற்கும் ஆற்றலை அளப்பதா? இரண்டும் திறமையே. ஆனால் இரண்டுக்குமான விகிதத்தை யாரோ ஒருவர் மேசையில் அமர்ந்து முடிவுசெய்கிறார். அந்த முடிவு, மதிப்பெண் பட்டியல் வெளியாகும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை.

2024-25 பருவத்தின் முதற்கட்டத்தில் யூனியன் முன்போல் ஒளிரவில்லை. செபாஸ்டியன் போகோன்யோலி பயிற்சியில் 30 ஆட்டங்களில் 15 வெற்றி, 10 சமன், 5 தோல்வி. 55 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். கெங்க் 68, புரூகே 59. பாதியாக்கியபோது கெங்க் 34, புரூகே 30, யூனியன் 28. முதலிடத்துக்கும் யூனியனுக்கும் இடையே இருந்த பதின்மூன்று புள்ளிகள் ஆறாகச் சுருங்கின. இம்முறை பாதியாக்கல் யூனியனின் பக்கம் நின்றது.

பின் நடந்த 10 ஆட்டங்களில் யூனியன் ஒன்பதில் வென்றது, ஒன்றில் சமன் செய்தது, எதிலும் தோற்கவில்லை. 2025 மே 25 அன்று மரங்கள் சூழ்ந்த அதே சிறிய அரங்கில் கெண்ட் அணியை 3-1 என வென்றது. யூனியன் 56, புரூகே 53. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு பன்னிரண்டாம் பட்டம். 1935இல் பத்து வயதில் அரங்குக்குப் போன ஒரு சிறுவர் இந்த வெற்றியைக் காண நூறு வயதுவரை வாழ்ந்திருக்க வேண்டும். களத்தில் நின்றவர்களில் தற்காப்பாளர் கிறிஸ்டியன் பர்ஜெஸும் கோல்காப்பாளர் ஆண்டனி மோரிஸும் இரண்டாம்நிலை நாட்களிலிருந்தே கழகத்தில் இருந்தவர்கள். இடைப்பட்ட ஒவ்வொரு மே மாதத்தையும் நேரில் அனுபவித்தவர்கள்.

இப்போது மூன்று பருவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூன்றிலும் யூனியன் ஆடியவை தலா 40 ஆட்டங்கள். பாதியாக்காமல் கூட்டினால் 2022-23இல் 83 புள்ளிகள், 2023-24இல் 84, 2024-25இல் மீண்டும் 83. ஏறத்தாழ ஒரே அளவு உழைப்பு, ஒரே அளவு விளைச்சல். கிடைத்த இடங்களோ முறையே மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. மூன்றில் அதிகப் புள்ளிகள் பெற்ற ஆண்டில் பட்டம் இல்லை. பட்டம் வந்த ஆண்டில், முழுக் கணக்கில் புரூகேயைவிட முன்னால் இருந்தது ஒரே ஒரு புள்ளி: 83க்கு 82.

இதனால் 2025இன் பட்டம் சிறுமைப்படுவதில்லை. நிகரானவர்களுடன் மோதிய பத்து ஆட்டங்களில் தோல்வியே காணாத அணியைக் குறைசொல்ல எவராலும் இயலாது. சிறுமைப்படுவது, முந்தைய ஆண்டுகளைப் பற்றிச் சொல்லப்பட எளிதாக இருந்த விளக்கங்கள்தாம்: நெருக்கடியில் உடைபவர்கள், கடைசிப் படியில் கால் இடறுபவர்கள், பெரிய கழகத்துக்குரிய நெஞ்சுரம் இல்லாதவர்கள். 83 புள்ளிகள் ஓராண்டில் கோழைத்தனமாகவும் இன்னோராண்டில் வீரமாகவும் வாசிக்கப்பட்டால், படித்தவர் வாசித்தது அணியின் இயல்பை அன்று. வரிசை எண்ணை மட்டுமே.

2026-27 முதல் பிளே-ஆஃபையும் பாதியாக்கலையும் கைவிட்டு, 18 அணிகள், 34 ஆட்டங்கள் என்ற பழைய எளிய முறைக்கே திரும்புவதென்று பெல்ஜிய லீக் முடிவெடுத்திருக்கிறது. இனி ஒரு புள்ளி என்பது ஒரு புள்ளியாகவே இருக்கும். அளவுகோல் மாறிவிட்டது, பழைய அளவுகோலால் எழுதப்பட்ட பட்டியல்கள் அப்படியேதான் இருக்கும். அவற்றில் 2023க்கு நேரே ஆண்ட்வெர்ப் என்றும், 2024க்கு நேரே கிளப் புரூகே என்றும், 2025க்கு நேரே யூனியன் சேன் ஜில்வாஸ் என்றும் காணப்படும். எண்பத்து மூன்று என்ற எண் அந்தப் பட்டியலில் எங்கும் இராது.