ஹெட்டைக் கழற்றும் முன்

ஆயில் இன்ஜின் நின்றுபோனால் உடனே ஹெட்டைக் கழற்றிப் பார்க்கத்தான் பலருக்கும் கை துடிக்கிறது. என்னைக் கேட்டால், அது கடைசி வேலை. எங்கள் கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் கவலை ஏற்றம் போய் இந்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் வந்தது. மின்மோட்டார் வந்த பிறகும் சில கிணற்று மேடுகளில், கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று அது இன்னும் கொட்டகைக்குள் நிற்கிறது. அதன் கோளாறுகளில் பெரும்பாலானவை டீசலிலும் காற்றிலும்தான் தொடங்குகின்றன.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலேயே தீப்பொறி கிடையாது. இன்றைய இன்ஜினில் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு இறுக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பூந்தூறலாக விழும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். இறுக்கம் குறைந்தாலும், தூறல் சொட்டாக மாறினாலும் எரிவது கெடும்.

எது கெட்டது என்பதைப் புகையே சொல்லிவிடும். கறுப்பாக வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு நாசிலை. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பயமில்லை. சூடான பின்பும் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். ஹெட்டைக் கழற்றச் சொல்வது பெரும்பாலும் இந்த நீலம்தான்.

புகையே வராமல், ஹேண்டில் சுற்றிச் சுற்றித் தோள் வலிக்கிறதா? டேங்க் காலியாகும்வரை ஓட்டியிருந்தால் ஏர் லாக்தான். ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தினால் டீசல் நுரைத்து வரும். நுரை நின்று கம்பியாக ஒழுகும்வரை பொறுத்து இறுக்க வேண்டும். அடுத்து நாசில் பைப்பின் நட்டையும் தளர்த்தி, பம்பிலிருந்து டீசல் வந்ததும் இறுக்கி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்துச் சுற்றினால், நாசில் 'கிர்ர்' என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்ட பிறகே லீவரைப் போட வேண்டும். அதைக் கேட்க எனக்கு இன்றும் ஆசை.

எனக்குக் கோபம் வருவது அழுக்குப் புனலைக் கண்டால்தான். பம்பின் எலிமெண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். தலைமுடியின் பருமன் சுமார் 70. அவ்வளவு நெருக்கத்தில் மணல்துகள் புகுந்தால் என்ன ஆகும்! புனலில் வடிகட்டி வையுங்கள், டேங்க் அடியில் தேங்கிய தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுங்கள். ஆயில் கறுத்துவிட்டதே என்று மட்டும் பதற வேண்டாம். டீசல் கரியைத் தன்னில் ஏந்திக்கொள்வதும் அதன் வேலைதான். ஓடிய மணிக்கணக்குப்படி மாற்றினால் போதும்.

நாசிலைச் சோதிக்கும்போது தூறலுக்கு எதிரே கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம்.

ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டிய நாளும் வரும். அன்றைக்குப் பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடிந்ததும் ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் இடைவெளியைச் சரிபார்த்த பிறகு ஹேண்டிலை எடுங்கள்.