உப்பைக் கழித்த பிறகு

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு மொட்டைமாடியில் 24 மணி நேரம் காற்றை இழுத்து முடித்த ஃபில்டர் தாளைக் கழற்றிப் பார்த்தால், நிறத்தை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில் செம்பழுப்பு. தெற்கே தேரி மணலைக் குவித்து வைத்ததும் இந்தக் காற்றுதான். வாடை இறங்கிய மார்கழியில் சாம்பல் கலந்த கறுப்பு. இந்த இரண்டும் எனக்குச் சிக்கல் தருவதில்லை. மூன்றாவது வகைதான் உட்கார்ந்து யோசிக்க வைக்கும். தாள் மாட்டும்போது இருந்த வெள்ளை அப்படியே இருக்கும், தராசில் வைத்தால் எடை மட்டும் கூடியிருக்கும். அது கடல் உப்பு.

காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றிய படிப்புக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது கடினம். கிழக்கே மன்னார் வளைகுடா. வடக்கே தருவைக்குளம் பக்கம் உப்பளங்கள். தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி வ.உ.சி. துறைமுகம், கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி, அதை எரிக்கும் அனல்மின் நிலையம். 1979-இல் அதன் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பிறகு 210 மெகாவாட் வீதம் ஐந்தானது. மேற்கே சிப்காட். எந்தத் திசையில் காற்று திரும்பினாலும் அது ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் போகும்.

உப்பு எப்படிக் காற்றில் ஏறுகிறது என்பது பார்க்கச் சின்ன விஷயம். அலை உடைந்தால் நுரை, நுரையில் குமிழி. குமிழி வெடிக்கும்போது மேல்தோல் கிழிந்து பொடித் துளிகளாகச் சிதறும். நடுவிலிருந்து ஒரு நீர்த்தாரை எழும்பிக் கொஞ்சம் பெரிய துளிகளை எறியும். தண்ணீர் காய்ந்ததும் மிச்சம் உப்பு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கடல்மேல் வெண்ணுரைப் பரப்பு ஏறத்தாழ பத்து மடங்காகும். அதனால்தான் ஒரு நாள் பலத்த கொண்டல் அடித்தால் போதும், தாளின் எடை தாவிவிடுகிறது.

அந்த எடையையும் நம்பிவிட முடியாது. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதுபோல் தாளும் கசியும். சுத்தமான சோடியம் குளோரைடு ஈரப்பதம் 75 விழுக்காடு வந்ததும் தண்ணீரை இழுத்துத் துளியாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே நசநசக்கத் தொடங்கும். திரேஸ்புரத்தில் 75 எல்லாம் சாதாரண நாள். ஆகவே தாளை ஈரம் கட்டுப்படுத்திய அறையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்துதான் நிறுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நாள் பொறுப்பதுதான் பெரிய பாடு.

பாடு என்றதும் வள்ளக்காரர் ஒருவரின் நினைவு வருகிறது. நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம், “என்ன சார், இன்னைக்குப் பாடு உண்டா?” என்பார். அவருக்கு மீன், எனக்குத் தூசி. ஒருநாள் நான் கேட்டேன்: “அண்ணே, இன்னைக்கு வான் தீவு தெரியுதா?” “கடல்லருந்து பார்த்தா தெரியும் சார், கரையிலருந்து மங்கல். ரெண்டு நாளா வாடையில்லா. அனலுக் கூண்டே ஒழுங்காத் தெரியல.” என் கையில் சூரியனை நோக்கிப் பிடிக்கும் ஒளிமானி இருந்தது. அது 0.5 என்றது. அதாவது தலைக்கு நேர் உச்சியில் சூரியன் நின்றாலும் நேரொளியில் 61 விழுக்காடுதான் துகள்களைத் தாண்டித் தரைக்கு வரும். நல்ல நாளில் 0.2 இருக்கும், அப்போது 82. கண்ணால் அவர் சொன்னதற்கும் கருவி சொன்னதற்கும் அன்று பெரிய பேதமில்லை.

இந்த வாடைப் புகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1999-இன் முதல் மூன்று மாதங்களில் நடந்த ‘இண்டோயெக்ஸ்’ ஆய்வில், தெற்காசியாவின் புகை வடகிழக்குக் காற்றில் ஏறி இந்தியப் பெருங்கடலின் வெகுதூரம் வரை மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு மூட்டமாகக் கிடப்பது தெரிந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வீ. ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். முக்கிய நிலையம் மாலத்தீவின் காசிதூ தீவில் இருந்தது. தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிப் போகும் அதே மாலத்தீவு.

தோணி போகும் கடல் வழியில் உப்பும் புகையும் சும்மா பக்கத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை. நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரிந்து வரும் கந்தக டைஆக்சைடு காற்றிலேயே கந்தக அமிலமாகும். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகும். இவை உப்புத் துகளின் மேல் படிந்ததும் குளோரைடை ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாகத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்ளும். கடல்நீரில் ஒரு கிராம் சோடியத்துக்கு 1.8 கிராம் குளோரைடு உண்டு. உலகில் எந்தக் கடலில் மொண்டாலும் ஏறக்குறைய இதே கணக்கு. தாளைக் கரைத்து அயனி குரோமட்டோகிராஃபில் விட்டு இந்த விகிதத்தைப் பார்ப்பேன். 1.8-ஐ ஒட்டியிருந்தால் அது அப்போதுதான் அலையிலிருந்து வந்த உப்பு. இறங்கியிருந்தால் எங்கேயோ புகையோடு சேர்ந்து பயணப்பட்டு வந்திருக்கிறது. இஸ்ரோ 2006-இலும் 2008–09 குளிர்காலத்திலும் வங்கக் கடலில் ஆய்வுக் கப்பல் பயணங்கள் நடத்தியது. குளிர்காலக் காற்றில் குளோரைடு இப்படித் தேய்வது அங்கும் பதிவானது. என்னைக் கேட்டால், எங்கள் துறையில் இவ்வளவு நேர்மையான சாட்சி வேறில்லை.

சராசரி அப்படியல்ல. தேசியக் கண்காணிப்பு முறைப்படி வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் மாதிரி எடுப்பது வழக்கம். இங்கே முற்பகலில் கடற்காற்று உள்ளே நுழையும். கடல்மேல் குளிர்ந்து அடங்கி வரும் அந்தக் காற்றில் உயரக் கூண்டின் புகை கலையாமல் நீண்டு போகும். சூடேறிய நிலத்தின் மேல் வந்ததும் கீழிருந்து கிளம்பும் கொந்தளிப்பு அதைப் பிடித்துத் தரைக்கு இழுக்கும். கரையோரக் கருவிக்குத் தெரியாமலே உள்ளே ஊருக்குள் ஓரிரு மணி நேரம் நெடி அடித்துவிட்டுப் போகும். 24 மணி நேரச் சராசரியில் அது கரைந்துபோகும். 2013 மார்ச் 23 காலை, கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக ஊர் அலறியது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில நாளில் மூடச் சொன்னது. பிறகு திறந்தது, அதை எதிர்த்த போராட்டத்தின்போது 2018 மே 22, 23 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தது எல்லாம் நாடறிந்தவை. அப்போது குண்டு திரேஸ்புரத்துக்குள்ளும் வந்தது. இந்த ஊரில் காற்றைப் பற்றிக் கூட்டத்தில் பேசும்போது சராசரி என்ற சொல்லை நான் கவனமாகத்தான் எடுக்கிறேன்.

கந்தக டைஆக்சைடு அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 2015-இல் அனல்மின் நிலையங்களுக்கு வகுத்த கந்தக வரம்பிலிருந்து 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு கிடைத்தபோதும் இது பேசப்பட்டது. வாயு குறைவாக இருப்பது மெய்யாகவே இருக்கலாம். போகிற வழியில் அது சல்பேட் துகளாக மாறி இன்னோர் ஊரின் தாளில் எடையாக விழுகிறதே, அதை யார் கணக்கில் எழுதுவது? சல்பேட் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கிறது என்பதும் உண்மை. துகள்களை முதன்மையாகக் கொண்ட மனிதக் காரணிகள் 0.8 டிகிரி வரை வெப்பத்தை மறைத்திருக்கலாம் என்று ஐ.பி.சி.சி. ஆறாம் அறிக்கை மதிப்பிடுகிறது. ஆனால் சல்பேட் சில நாளில் மழையோடு இறங்கிவிடும், கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். அதனால் இந்தக் குளிர்ச்சியைக் காட்டிப் புகைக்கு வக்காலத்து வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

2019-இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தபோது தரத்தை எட்டாத 102 நகரங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது தூத்துக்குடி மட்டும். கடலோர ஊர்தானே, உப்பைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்று கேட்பதில் தப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 காற்றுத் தர ஆணையே இயற்கைத் துகளைக் கழிக்க இடம் தருகிறது. நெதர்லாந்து அப்படிக் கழித்திருக்கிறது. எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு. சுலபமான வழி, தாளில் கிடைத்த சோடியத்தை 3.26 ஆல் பெருக்கி, அவ்வளவும் கடல் உப்பு என்று எடையிலிருந்து எடுத்துவிடுவது. அந்த 3.26-க்குள் 1.8 பங்கு குளோரைடு. வாடை நாளில் அந்தக் குளோரைடு தாளில் முழுதாக இருக்காது. அதன் இடத்தில் இருப்பது புகை தந்த சல்பேட்டும் நைட்ரேட்டும். அன்றைக்கு இப்படிக் கழித்தால், இல்லாத உப்பின் பெயரில் புகையின் எடையைத்தான் தள்ளுபடி செய்கிறோம். ஆகவே என் அட்டவணையில் சோடியத்தை வைத்து ஒரு பத்தி, அளந்த குளோரைடை வைத்து ஒரு பத்தி, கழிக்காத எடைக்கு ஒரு பத்தி, மூன்றும் இருக்கும். ஒரே எண்ணாகக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்குக் கழிக்காததைக் கொடுக்கிறேன்.