பாண்டைக் கழற்றின பிறகு

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மாவின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்கள் வயித்தில ஏதோ ஒப்பரேஷன் செய்துதான் அப்ப மெலிஞ்சனீங்களாம். பெரியம்மா சொன்னவ. நானும் செய்யட்டோ? கலியாணத்துக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு."

பதினொரு வருசமாக நான் யாருக்கும் சொல்லாத விசயம். அம்மா இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாவே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். சொல்லாமல் இருந்ததால் எனக்கு என்ன கிடைத்தது? அதனால் இதை அவளுக்கு மட்டுமில்லாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

2013இல் எனக்கு 21 வயது. லண்டனில் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் "சுகமா இருக்கிறியோ?" என்று கேட்க முதல் "நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்பார்கள். பகுதி நேர வேலையில் சேர்த்த காசும் அம்மாவின் சீட்டுக் காசுமாக ஒரு தனியார் கிளினிக்கில் காஸ்ட்ரிக் பாண்ட் போட்டேன். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிலிக்கன் வளையத்தை மாட்டுவார்கள். தோலுக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். ஊசியால் அதற்குள் உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வளையத்துக்கு மேலே இருக்கிற சின்னப் பைக்குள் கொஞ்சச் சாப்பாடு போனாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 2001இல் இதற்கு அனுமதி கிடைத்த பிறகு பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டார்கள். இப்போது அதன் இடத்தை வேறு சத்திரசிகிச்சைகள் பிடித்துவிட்டன.

"பாண்ட் போடப் போறன்" என்று சொன்னபோது அம்மாவுக்கு "பாண்" என்றுதான் கேட்டது. கடைசியில் நான் முதலில் சாப்பிட ஏலாமல் போனதும் பாண்தான்.

முதல் இரண்டு வருசத்தில் 27 கிலோ குறைந்தது. எப்படி என்று கேட்டவர்களுக்கு "சோத்தை விட்டிட்டன்" என்றேன். பொய். சோறு என்னை விட்டிருந்தது. இரண்டு வாய் வைத்தால் நெஞ்சுக்குள் நிற்கும். கோழி இறைச்சியும் அப்படித்தான். கலியாண மண்டபங்களில் மற்றவர்கள் படம் எடுக்கும்போது நான் கழிவறையில் சத்தி எடுத்துக்கொண்டிருப்பேன். ஐஸ்கிரீமும் சொக்லேட்டும் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். இறங்கினதைச் சாப்பிட்டேன். எடை திரும்பி வந்தது.

2024 தொடக்கத்தில் இரவு படுத்தால் இருமலும் நெஞ்செரிவும். தலையணையில் புளித்த தண்ணி. பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்றே எடுத்தார்கள். வளையம் இடம் மாறி, இரைப்பையின் ஒரு பகுதி அதற்கு மேலே ஏறியிருந்தது. முதலில் உப்புநீரை முழுக்க எடுத்துத் தளர்த்திப் பார்த்தார்கள். சரிவரவில்லை. கழற்றத்தான் வேணும் என்றார் டொக்டர். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அழுதேன். நோவுக்காக இல்லை. இவ்வளவு காசும் பொய்யும் செலவழித்துத் தோற்றுப்போனேன் என்றுதான்.

ஒப்பரேஷன் முடிந்த அன்றிரவு வலது தோளில் கடும் நோ. வெட்டினது வயிற்றில், நோகிறது தோளில். இதயத்துக்குத்தான் ஏதோ என்று பயந்துபோனேன். பக்கத்துக் கட்டிலில் என் அம்மாவை விட வயது கூடின ஒரு வெள்ளைக்கார அம்மா. அவவுக்கு முதல் நாள்தான் பாண்ட் கழற்றியிருந்தது. "அது காஸ், பிள்ளை. எழும்பி நட" என்றா. சின்னத் துளைகள் போட்டுச் செய்யும்போது வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதவைப்பார்களாம். மிச்சம் நிற்கிற வாயு விலா எலும்புக்குக் கீழே இருக்கிற உதரவிதானத்தை உறுத்த, நோ தோளில் தெரியுமாம். நேர்சைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவவும் அதையே சொன்னா. இரவு மூன்று மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் வாட்டுக்கு வெளியே மெதுவாக நடந்தோம்.

நடக்கும்போது அவ தன் கதையைச் சொன்னா. 14 வருசம் பாண்டோடு இருந்தவ. ஒவ்வொரு முறை போகும்போதும் "நீங்கள் ஒழுங்காய்ச் சாப்பிடுறேல்லை" என்றுதான் கேட்டு வந்தவ. "உன்ர வளையம் அசைஞ்சது நீ ஐஸ்கிரீம் சாப்பிட்டதால மட்டும் இல்லை" என்றா. அந்த வசனத்தை நான் அதற்கு முதல் யாரிடமும் கேட்டதில்லை.

அவதான் என்னைக் குழுவுக்குக் கூட்டிப்போனா. மாதத்தின் முதல் செவ்வாய் பின்னேரம், ஆஸ்பத்திரிக் கன்ரீனுக்குப் பின்னால் ஒரு அறை. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். பாண்ட் கழற்றினவர்கள், வேறு சத்திரசிகிச்சை செய்தவர்கள், வரிசையில் காத்திருப்பவர்கள். என் தோல்வி என்று நான் ஒளித்துவைத்தது அங்கே பாதிப் பேரின் கதையாக இருந்தது.

முதலில் திரவம், பிறகு மசித்த சாப்பாடு, பிறகு மெத்தென்ற சாப்பாடு. அம்மா கஞ்சியும் சொதியும் வைத்துத் தந்தா. ஆறாவது கிழமை இடியப்பம் அவித்தா. ஆறு சாப்பிட்டேன். ஒன்றும் நெஞ்சில் நிற்கவில்லை, சத்தியும் வரவில்லை. சந்தோசப்பட வேண்டிய நான் குசினி நிலத்தில் இருந்து நடுங்கினேன். நிறுத்துவதற்கு இனி ஒன்றும் உள்ளே இல்லையே! பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். பதில் வந்தது: "வயிறு நிறைஞ்சதா? நிறைஞ்சதெண்டால் கோப்பையைக் கழுவிப்போட்டுப் போய்ப் படு."

கோப்பையைக் கழுவினேன். படுத்தேன்.

ஐந்தாம் மாதம் 9 கிலோ கூடியிருந்தது. குழுவில் அதைச் சொல்ல அரை மணித்தியாலம் எடுத்தது. ஒருவரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. பஸ் ஓடுகிற ஒரு அண்ணா, "எனக்கு 16" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் தன் வழியைச் சொன்னார்: வேலை நேரம் எப்படி மாறினாலும் சாப்பாட்டு நேரம் மாறாது, கோப்பையில் முட்டையோ மீனோ பருப்போ முதலில், தராசில் ஏறுவது மாதம் ஒருமுறை மட்டும். இப்போது நானும் அப்படித்தான். வேறு சத்திரசிகிச்சை செய்வதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அவசரமும் இல்லை.

எங்கட ஆட்களில் ஒருவருக்கு ஒப்பரேஷன் என்றால் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள், நெஸ்டமோல்ட் போத்தல்கள் மேசையில் அடுக்கி இருக்கும். எனக்கு ஒருவரும் வரவில்லை. அவர்களில் பிழையில்லை. நான் சொல்லவில்லை.

தங்கச்சிக்கு ஒன்பது நிமிசம் பதில் அனுப்பினேன். செய்யாதே என்று சொல்லவில்லை. நீரிழிவு, பிரஷர் உள்ள பலருக்கு இந்தமாதிரிச் சத்திரசிகிச்சைகள் உண்மையில் உதவுகின்றன. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வரும் ஆபத்து இருப்பதால், பிரித்தானியாவில் எங்களுக்கு பிஎம்ஐ எல்லையை 2.5 குறைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது ஒரு வருத்தத்துக்கான வைத்தியம், கலியாணப் படத்துக்கானது இல்லை. டொக்டரிடம் போ, இரத்தம் சோதி, பிறகு யோசி என்றேன். "செய்தால் அதுக்குப் பிறகு இரவு மூண்டு மணிக்கு ஆரோட கதைப்பாய் எண்டும் யோசி. ஒருத்தரும் இல்லையெண்டால் எனக்கு எடு."

அடுத்த நாள் பதில் வந்தது. கலியாணத்தைப் பற்றி ஒன்றுமில்லை. "அக்கா, உங்களுக்கு இப்பவும் நோகுதோ?"

வீட்டில் இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"இல்லையடி," என்று எழுதினேன், "இப்ப நோகேல்லை."