ஒரு வரியில் அடங்காத காரணம்

மாற்றுச் சான்றிதழ் கோரும் விண்ணப்பத்தில் பெயர், வகுப்பு, சேர்ந்த நாள் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. 'விலகுவதற்கான காரணம்' என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. காஞ்சிரங்குளத்தைச் சேர்ந்த அந்த மாணவி வணிகவியல் முதலாண்டை முடித்தவர். மதிப்பெண்ணில் குறையில்லை. கட்டணம் கட்டச் சிரமமில்லை. ஆசிரியர்கள் மீதும் புகாரில்லை. "குடும்பச் சூழ்நிலை என்று எழுது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்பது தோழியின் யோசனை.

உண்மைக் காரணம் வேறு. அவருக்கு நாகர்கோவிலில் பி.ஏ. தமிழ் படிக்க வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது, "ஒரு வருசம் வீணாப் போவுமே மக்களே" என்றார் அப்பா. அவர் கணக்கு சரிதான். பல்கலைக்கழகமும் மாறுகிறது, பாடமும் மாறுகிறது. முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்திருந்தாலும், மூன்றாண்டில் பட்டத்துடன் வெளியேற வழி உண்டு. அப்படி வெளியேறும் தோழிகள் இவரைவிட ஓராண்டு முந்திவிடுவார்கள். நன்னடத்தைச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ் என்று அலைச்சல் வேறு.

"தமிழ்தான் வேணும்னா திருவனந்தபுரத்திலயே படிக்கலாமே?" என்று அப்பா கேட்டதும் நியாயமே. அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை, அது மகாராஜா கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கே தத்துவம் கற்பித்தவர். 1990இல் அவர் பெயரில் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் கீழ்தான் நாகர்கோவில் கல்லூரிகள் வருகின்றன.

மகளிடம் இதற்கும் பதில் இருந்தது. அது பாட்டியிடமிருந்து தொடங்குகிறது. பாட்டி பிறந்தது விளவங்கோடு தாலுகா. காஞ்சிரங்குளத்துக்கு மருமகளாக வந்தபோது அது பக்கத்துத் தாலுகா. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பிறந்த வீடு ஒரு மாநிலம், புகுந்த வீடு இன்னொரு மாநிலம் என்றானது. மலையாளப் பள்ளிக்குப் போன பேத்திக்குத் தமிழ் எழுத்துகளைச் சொல்லித் தந்தவர் அந்தப் பாட்டிதான். அந்தத் துணிவில்தான் அவர் மேல்நிலையில் இரண்டாம் மொழியாகத் தமிழை எடுத்தார்.

வகுப்பில் இவருடைய மலையாளத்தைக் கேட்டு 'பாண்டி' என்று சிரித்தவர்கள் உண்டு. மார்த்தாண்டத்து உறவினர்களோ இவருடைய தமிழைக் கேட்டு 'மலையாளத்துக்காரி' என்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மயக்கம் அவருக்கு இல்லை. "திருவனந்தபுரத்தில வகுப்பு முடிஞ்சா தமிழும் முடிஞ்சுரும். பஸ்ஸில, கடையில, சண்டையில தமிழ் கேக்கணும் அப்பா. மூணு வருசம் கேட்டா என் தமிழும் தேறும்" என்றார்.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. வங்கி வேலைக்கு ஆகட்டும் என்று வணிகவியலில் சேர்த்தவர் அவர்.

தோழி சொன்ன பொய்யை எழுதியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் இழக்கப்போவது ஓராண்டு. அதற்கான காரணத்தை மறைத்து எழுத அவருக்கு மனம் வரவில்லை. 'தமிழ் படிப்பதற்காக' என்ற பொருளில் ஒரு வரி எழுதி, விண்ணப்பத்தை அப்பாவிடம் நீட்டினார்.

அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு கேட்டார்:

"களியக்காவிளைக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு?"