சுரங்கம் காத்த கடற்கரை

பணக்காரர்களின் படகுகள் வடகிழக்கில் வரிசை கட்டி நிற்க, சார்டீனியாவின் தென்மேற்குக் கரை கைவிடப்பட்ட சுரங்கங்களோடு தனித்துக் கிடக்கிறது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

சார்டீனியா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தத் தீவின் வடகிழக்கு மூலை. இஸ்மாயிலி முஸ்லிம்களின் ஆன்மிகத் தலைவராக இருந்து 2025 பிப்ரவரியில் காலமான ஆகா கான், 1962-ல் பணக்கார நண்பர்களோடு கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி, ஆடு மேய்ந்துகொண்டிருந்த கரையை வாங்கி, அதற்கு மரகதக் கரை (கோஸ்டா ஸ்மெரால்டா) என்று பெயர் சூட்டினார். இன்று ஆகஸ்ட் மாதத்தில் அங்கே ஒரு கோப்பை காப்பி குடிக்கக்கூட யோசிக்க வேண்டும்.

அதே தீவின் எதிர் மூலைக்கு வாருங்கள். தலைநகர் காலியாரியிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் இக்லேசியாஸ். ஊர்ப் பெயருக்கே தேவாலயங்கள் என்றுதான் பொருள். ஆனால் ஊருக்குச் சோறு போட்டது ஈயமும் துத்தநாகமும். இங்கிருந்து மேற்கே கடலை நோக்கி இறங்கும் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் கூரை போன கட்டடம், துருப்பிடித்த தண்டவாளம், மலைச்சரிவில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொட்டிக் கிடக்கும் கழிவு மண். அழகு இல்லையே என்று முகம் சுளிக்கும்போது சாலை இன்னொரு முறை திரும்புகிறது. கீழே நீலக் கடல். நடுவில் 133 மீட்டர் உயரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஒன்று தன்னந்தனியாக நிற்கிறது. பான் டி சுக்கெரோ, சர்க்கரைக் கட்டி என்று பெயர். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறை.

அதற்கு நேர் எதிரே, மஸூவா என்ற குட்டி ஊரின் செங்குத்துப் பாறைச் சுவரில் ஒரு வாசல் தெரிகிறது. கடலுக்குள் காலை வைக்கத்தான் முடியும், வேறு வழியில்லை. அதுதான் போர்ட்டோ ஃபிளாவியா. துறைமுகம் என்று பெயர். அலைதாங்கி கிடையாது, படித்துறை கிடையாது.

இது ஏன் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். முன்பெல்லாம் தாதுவைக் கூடைகளில் தோளில் சுமந்து கடற்கரையில் நின்ற சிறு பாய்மரப் படகுகளில் ஏற்றுவார்கள். படகுகள் தெற்கே உள்ள கார்லோஃபோர்ட்டேக்குப் போகும். அங்கே மறுபடியும் இறக்கி, மறுபடியும் பெரிய கப்பலில் ஏற்ற வேண்டும். காற்று மாறினால் படகோடு சரக்கும் மூழ்கும். செஸாரே வெசெல்லி என்ற பொறியாளர் இதற்கு முடிவு கட்டினார். 1923-24-ல் மலையைக் குடைந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுரங்கப் பாதைகள் அமைத்தார். ஒவ்வொன்றும் சுமார் 600 மீட்டர். இரண்டுக்கும் நடுவே பாறையிலேயே வெட்டிய ஒன்பது பிரம்மாண்டக் குதிர்கள், மொத்தம் சுமார் 10,000 டன் கொள்ளும். மேல் பாதையில் வண்டிகள் தாதுவைக் கொண்டுவந்து குதிர்களில் கொட்டும். கீழ்ப் பாதையில் கன்வேயர் பெல்ட் அதை அள்ளி வந்து, பாறை வாசலுக்கு வெளியே நீட்டிய கை வழியாக நேராகக் கப்பலின் வயிற்றில் இறக்கும். தன் மகள் ஃபிளாவியாவின் பெயரையே வெசெல்லி இதற்கு வைத்தார். கூடை சுமந்தவர்களின் முதுகு தப்பித்தது. கூடவே வேலையும் போனது.

வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், தலையில் ஹெல்மெட்டுடன். முன்பதிவு அவசியம். கடும் வெயில் காலத்திலும் உள்ளே குளிரும். பாதை முடிவில் அந்த வாசலில் நின்று சர்க்கரைக் கட்டியைப் பார்க்கும் அந்த ஒரு காட்சிக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

வடக்கே கொஞ்ச தூரத்தில் புஜ்ஜெரு. பிரெஞ்சுக் கம்பெனி நடத்திய சுரங்க ஊர். அதிகாரிகளின் குடும்பங்கள் வாழ்ந்த தோரணையைப் பார்த்து குட்டிப் பாரிஸ் என்று அழைத்தார்கள். தொழிலாளர்களின் பாடு வேறு. 1904 செப்டம்பரில், வெயில் தணியாத நேரத்தில், மத்தியான இடைவேளையில் ஒரு மணி நேரத்தை நிர்வாகம் குறைத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 4 அன்று ராணுவம் சுட்டதில் குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். சில நாட்களில் சிசிலியிலும் துப்பாக்கிச் சூடு நடக்க, இத்தாலியின் முதல் தேசியப் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. இன்று அதே ஊரில் சிறு படகுத்துறை, சில ஓட்டல்கள், அலைச்சறுக்கு விளையாட வரும் இளைஞர்கள். கடலைப் பார்த்தபடி ஐஸ்கிரீம் சாப்பிடுபவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் விலை தெரியும்?

இன்னும் வடக்கே பிஷினாஸ். உள்நாட்டில் மோன்டெவெக்கியோ, இங்குர்த்தோசு என்ற சுரங்க ஊர்களைத் தாண்டி வர வேண்டும். மோன்டெவெக்கியோவில் 1871-ல் தண்ணீர்த் தொட்டி ஒன்று உடைந்து, தாது பொறுக்கும் வேலை செய்து களைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெண்களும் சிறுமிகளுமாகப் பதினொரு பேர் இறந்தார்கள். இங்குர்த்தோசுவிலிருந்து மண் சாலைதான். காரின் அடிப்பாகத்தை மறந்துவிட்டு ஓட்டினால் திடீரென்று பாலைவனம் எதிர்ப்படும். பல பத்து மீட்டர் உயரத்துக்குப் பொன்னிற மணற்குன்றுகள், அவற்றில் மிஸ்ட்ரல் காற்று வளைத்துப்போட்ட ஜூனிப்பர் மரங்கள். மணலில் பாதி புதைந்த தண்டவாளமும் தாது வண்டிகளும் அப்படியே நிற்கின்றன. பிற்பகலில் சார்டீனிய மான்கள் தென்படலாம். மணலை நினைவுப் பொருளாக எடுத்துப்போக ஆசைப்படாதீர்கள். 2017-ல் வந்த சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம்.

கடற்கரைக்கு இறங்கும் ஓடையின் நிறத்தையும் கவனியுங்கள். துரு போன்ற சிவப்பு. மூடிய சுரங்கங்களிலிருந்து துத்தநாகமும் காட்மியமும் இன்னும் கசிந்து வருகின்றன. சுற்றுலா விளம்பரங்களில் இந்த ஓடை வருவதில்லை.

இந்தக் கரை ஓட்டல்காரர்களிடம் சிக்காததற்குச் சுரங்கங்களே காரணம் என்பது என் கணிப்பு. கம்பெனிகளின் பிடியில் இருந்த நிலத்தில், ஈயப் புழுதிக்கு நடுவே, யார் விடுதி கட்ட வருவார்கள்? சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி முடிந்தபோது 1990கள் ஆகிவிட்டன. விழிப்புணர்வும் வந்துவிட்டது. 2004-ல் தீவின் அரசு கடலிலிருந்து இரண்டு கி.மீ.க்குள் புதுக் கட்டடங்களுக்குத் தடை போட்டது. 2006-ல் நிலப்பாதுகாப்புத் திட்டம் வந்தது.

உள்ளூர்க்காரர்களுக்கு இது முழு ஆறுதல் அல்ல. இத்தாலியின் ஏழைப் பகுதிகளில் இதுவும் ஒன்று. 2012-ல் போர்ட்டோவெஸ்மேயின் அலுமினிய உருக்காலை நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் அருகிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளர்கள், வேலை போகக்கூடாது என்று வெடிமருந்துகளோடு சுமார் 400 மீட்டர் ஆழத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கேயும் 2018-ல் உற்பத்தி முடிந்தது. பழைய சுரங்கங்களைக் காக்க 2001-ல் பூங்கா அமைத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் காவல் தெய்வமான புனித பார்பராவின் பெயரில் சுமார் 500 கி.மீ. நடைபாதை உருவாகியிருக்கிறது. நடந்து வருபவர்கள் ஊர் ஊராகத் தங்கிச் சாப்பிடுகிறார்கள். ஒரு சுரங்கம் கொடுத்த சம்பளத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் மரகதக் கரையைப்போல மூன்று மாதம் திறந்து ஒன்பது மாதம் பூட்டிக் கிடக்கும் விடுதிகளைவிட மேல்.

மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போவது நல்லது. பஸ்கள் குறைவு, ஆகவே வாடகைக் கார்தான் வசதி. ஒருநாள் மிச்சமிருந்தால் போர்ட்டோவெஸ்மேயிலிருந்து படகேறி கார்லோஃபோர்ட்டேக்குப் போய் வரலாம். துனிசியாவின் தபார்க்கா தீவில் குடியிருந்த ஜெனோவாப் பக்கத்து மீனவர்கள் 1738-ல் வந்து உருவாக்கிய ஊர். வீட்டில் இன்றும் ஜெனோவாப் பேச்சுதான். சமையலில் வட ஆப்பிரிக்காவின் கூஸ்கூஸ். மே, ஜூனில் சூரை மீன் வலைக்கு வரும் பருவம். அப்போது எந்த ஓட்டலில் நுழைந்தாலும் பட்டியலில் முதல் பத்து அயிட்டமும் சூரைதான். சைவக்காரர்கள் காய்கறி கூஸ்கூஸ் கேளுங்கள். அங்கே அதற்குப் பெயர் கஸ்கா.