ஒரு தடவை கூப்பிட்டா போதும்!

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த அமெரிக்காக்காரன்தான்.

ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் செல்போனைத் தடவிக் கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தான். தலை முதல் கால் வரை இலை போட்ட உடுப்பு, மடியில் துப்பாக்கி. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து 'க்யோக்... க்யோக்...' என்று வான்கோழிப் பெட்டை மாதிரி குரல் கொடுத்தான். எங்கிருந்தோ ஒரு சேவல் தோகையை விரித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்தது. டுமீல்! கல்யாணம் முடிந்தது.

நம் ஊரில் வான்கோழி என்றால் மயிலைப் பார்த்து ஆடி மானம் போன பறவை. அங்கே அதைக் கூப்பிடுவதற்கென்றே விதவிதமாகச் சாமான் விற்கிறார்கள். மரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதன் மூடியை விளிம்பில் தேய்த்தால் பெட்டையின் குரல் வரும். தேய்க்கிற இடத்தில் சாக்பீஸ் தடவ வேண்டும். புதுசாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் சுலபம். அடுத்தது வட்டமான சிலேட்டு. ஒரு குச்சியால் கீறினால் மெல்லிசாகக் கொஞ்சும். மூன்றாவது, மேலண்ணத்தில் ஒட்டி ஊதுகிற ரப்பர் சவ்வு. பழகுவது கஷ்டம். ஆனால் இரண்டு கையும் துப்பாக்கிக்கு ஃப்ரீ! இது போக, விடியற்காலையில் ஆந்தை மாதிரி அலறுவதற்கு ஒரு குழல். அலறலைக் கேட்டதும் சேவல் ரோஷத்தோடு பதில் குரல் கொடுத்து, தான் இருக்கிற இடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடுமாம்.

நானும் படுக்கையிலேயே 'க்யோக்' என்று முயற்சி செய்தேன். மனைவி எழுந்து உட்கார்ந்து, "அஜீரணமா?" என்று கேட்டு ஓம வாட்டர் கொடுத்தாள்.

மறுநாள் நாமக்கல் ஆபீஸில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், எங்கள் ஆபீஸ் உதவியாளரைத் தவிர. அவருக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு.

"எங்கப்பா வெறும் வாயாலயே காட்டுச் சேவலக் கூப்பிடுவாரு சார். பெட்டியும் வேணாம், ரப்பரும் வேணாம். மாசி மாசம் வாங்க, காட்டுறேன்."

போனேன். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பதாவது நம்பரில் என் காலைச் சாப்பாடு என்னை விட்டுப் பிரிந்தது. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிற வள்ளல். அவன் மலையில் நான் செல்போனோடு நின்றேன்.

பெரியவர் வாசலில் மிளகு காய வைத்துக் கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயசு. சிரித்தபோதுதான் கவனித்தேன், முன்பல் ஒன்றுகூட இல்லை.

"கூப்பிடுறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல தம்பி," என்றார் ராத்திரி களி சாப்பிடும்போது. "மொதல்ல, அது எந்த மரத்துல அடையுதுன்னு தெரியணும். ரெண்டாவது, நீ யாராப் போறேன்னு தெரியணும். பெட்டையாப் போறியா, சண்டைக்கு வந்த இன்னொரு சேவலாப் போறியா? மூணாவதுதான் முக்கியம். அது பதில் சொல்லிட்டா, நீ வாய மூடிக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காக்காரனும் இதையேதான் சொன்னான்! வான்கோழியில் சேவல் கூவும், பெட்டைதான் தேடிக்கொண்டு போகும். வேட்டைக்காரன் அதைத் தலைகீழாகக் கேட்கிறான். ஓயாமல் கூப்பிட்டால், 'இவ்வளவு ஆசைப்படுகிறவள் தானே வரட்டுமே' என்பது போல் சேவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால்தான் தேடி வரும்.

ஒரு நாளைக்கு நாற்பது மெசேஜ் அனுப்பிவிட்டு, 'பதிலே வரலை மச்சான்' என்று புலம்புகிற நம் பிரம்மச்சாரி நண்பர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கவும்.

"இப்பவும் பிடிக்கிறீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"சேச்சே! அதெல்லாம் விட்டு எத்தனையோ வருசம் ஆச்சு."

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தி, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுடுவதற்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் வேட்டைதான். அதற்கு முன்னால் இந்தக் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்குச் சீமையில் ஏக கிராக்கி. மெழுகுத் துளி விழுந்த மாதிரி மஞ்சள் பொட்டு வைத்த இறகு அது. எதற்குத் தெரியுமா? தூண்டிலில் பொய்ப் பூச்சி கட்டி சால்மன் மீனை ஏமாற்ற! ஏமாந்த பறவையின் இறகை வைத்து மீனை ஏமாற்றியிருக்கிறார்கள்.

விடிவதற்கு முன் பெரியவர், மகன், நான் மூவரும் காட்டோரத்துப் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். பனி எலும்பைக் கடித்தது. பெரியவர் துண்டால் தொடையில் 'பட்... பட்...' என்று அடித்தார். சேவல் கூவுவதற்கு முன் இறக்கை அடிக்கிற சத்தமாம். பிறகு நாக்கை மடித்து, மூச்சை இழுத்துக் கூவினார்.

வந்தது வெறும் காற்று.

மறுபடி முயன்றார். 'புஸ்ஸ்...' என்றது. நாக்கு முட்டி நிற்பதற்குப் பல் இல்லை. மூன்றாவது தடவையும் அதேதான். காடு பேசாமல் இருந்தது. மகன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பனி ஜாஸ்தி" என்றார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மூன்றாவது விதியை முந்தின ராத்திரிதான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் என் பாக்கெட்டில் காட்டுச் சேவலின் குரலே பதிவாக இருந்தது. உதவி செய்கிற நினைப்பில் செல்போனை எடுத்து அழுத்தினேன்.

'குக்... காய காய... குக்!'

உடனே பதில்! பள்ளத்திலிருந்து, நல்ல கோபத்தோடு. நான் மறுபடி அழுத்தினேன். இந்தத் தடவை பதில் பக்கத்தில் கேட்டது. இன்னொரு தடவை. புதர் விலகியது.

வந்தது பாருங்கள்! சாம்பல் உடம்பு, கறுத்து மின்னுகிற வால், கழுத்தில் அந்த மஞ்சள் பொட்டுகள். பத்தடி தூரத்தில் நின்று இறக்கையை அடித்தது. நான் ஒரு கையால் வீடியோ எடுத்துக்கொண்டே இன்னொரு கையால்... ஆமாம், உதவியாளரின் செல்போனையும் வாங்கி அதிலிருந்தும் ஒலி கிளப்பினேன். சேவல் சுற்றிச் சுற்றி ஓடியது. பாறை மேல் ஏறியது. இறங்கியது. தன் இடத்துக்குள் புகுந்த எதிரியைக் காணாமல் தவித்தது. எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணவில்லை.

பெரியவரின் கை வந்து என் கையை அமுக்கியது.

"நிறுத்து தம்பி."

நிறுத்தினேன். சேவல் நிறுத்தவில்லை. இல்லாத எதிரியை அது தேடிக்கொண்டே இருந்தது.

"பள்ளத்துல பெட்டைங்க இருக்கும். அதுங்கள விட்டுட்டு இங்க வந்து நிக்குது," என்றார் மெதுவாக. "நான் வயித்துக்காகக் கூப்பிட்டேன். ஒரு தடவை ஏமாத்துவேன், வரும், அத்தோட முடிஞ்சுது. பாவம்தான், இல்லேங்கல. நீ எதுக்குக் கூப்பிட்டே?"

என்னிடம் பதில் இல்லை. வீடியோவுக்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. இத்தனைக்கும் எனக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது.

பறவை பார்க்கிறவர்கள் இப்போது உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள். ரெக்கார்டு போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், அந்தப் பறவை தின்பதையும் ஜோடியையும் கூட்டையும் விட்டுவிட்டு நிழலோடு சண்டை போடும். வெளிநாட்டில் பல சரணாலயங்களில் அதற்கு அனுமதியே கிடையாது. வேட்டைக்கு ஆள் வைத்துப் பழக்கிய பறவைக்கும் மானுக்கும் பழந்தமிழில் 'பார்வை' என்று பேர். என் செல்போனும் ஒரு பார்வைதான். ஆனால் அதற்கு மூச்சு வாங்காது, வாய் வலிக்காது, எப்போது நிறுத்த வேண்டும் என்றும் தெரியாது.

திரும்பி நடக்கும்போது யாரும் பேசவில்லை. எழுபதாம் வளைவிலிருந்து ஒன்றாம் வளைவு வருவதற்குள் வீடியோவை அழித்துவிட்டேன். ஆனால் அழிக்க முடியாத ஒன்று இருந்தது. மகன் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு மனிதரின் வித்தையை என் செல்போனை விட்டு ஜெயித்திருந்தேன்.

சம்பளம் வந்ததும் உதவியாளரைத் தனியாகக் கூப்பிட்டேன். "அப்பாவுக்குப் பல் செட் கட்டணும்னா எவ்வளவு ஆகும்? பாதி என்னோடது" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு பெரியவரே ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய உதவியாளர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"பல்லு நல்லா உக்காந்துடுச்சு சார். நேத்துக் காலையில அப்பா வாசல்ல நின்னபடியே கூப்பிட்டாரு."

"பதில் வந்ததா?"

"வந்துச்சே!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார்... காபி குடிக்க உள்ள வந்துட்டாரு."