குப்பைக்குள் ஒரு காவல்காரன்

சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மலைச்சாலை ஏறி, கோலப்பிலா கடந்து பகாவ் போனேன். பால்மரம் நின்ற காடுகளில் இன்று செம்பனை. தோட்டத்து லயத்தின் பின்னால் பெரியப்பா நட்ட டுரியான் மூன்று. ஒன்று பட்டுப்போயிருந்தது. இன்னொன்றின் அடிப்பட்டையில் செம்பழுப்பு நீர் கசிந்தது. தரையோ துப்புரவு, உதிரும் இலையைத் தினமும் எரித்துவிடுவாராம்.

"வேர் அழுகுதுப்பா," என்றார்.

இது பைத்தோப்தோரா கிருமியின் வேலை. ஈரமண்ணில் நீந்திப்போய் வேரைப் பிடிக்கும். இதன் உறவுக் கிருமி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அவகாடோ மரங்களை அழித்தது. ஆனால் அங்கே டாம்போரின் மலையில், மூடுபயிரும் கோழி எருவும் இட்டுவந்த ஒரு தோட்டத்தில் மரங்கள் தழைத்தன. 1974இல் ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்தார்கள். மக்கும் தழையில் நல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மரநாரைச் செரிக்க அவை சுரக்கும் நீர் கிருமியின் தோலையும் கரைக்கிறது.

"பால்மரக் கன்றுக்கு நடுவே கொடி வளர்த்தோமே, அந்தச் சங்கதிதானா?" என்றார் பெரியப்பா. அதேதான்! கொடி படர்ந்த மண்ணில் வெள்ளை வேர் நோயும் குறையும்.

வாசகர்களே, இலையை எரிக்காதீர்கள். நீர் வடிய வாய்க்கால் வெட்டி, கிளையின் நிழலளவுக்குத் தழை பரப்புங்கள். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விடுங்கள். முற்றிய நோயை இது தீர்க்காது; நல்ல மரத்துக்குக் காவல்.

அன்று மாலை பெரியப்பா நெருப்பு மூட்டவில்லை. மூன்றாவது மரத்தடிக்கு இலையை வாரிப் போனார்.